நீலகிரியில் சிறு காருக்கு டயர் மாற்றும் செலவு

தோட்டத் துரைமார்களும் உயர் அதிகாரிகளும் மட்டுமே மோட்டார் வாகனம் வைத்திருந்த காலம் போய், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் படுகக் குடும்பமும், எஸ்டேட் கண்டக்டரும், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளியும், பென்ஷன் வாங்கும் பள்ளி ஆசிரியரும் ஆளுக்கொரு சிறு கார் வைத்துக்கொள்ள நேர்ந்திருக்கும் இன்றைய நீலகிரியில், அந்தக் காரை வாங்குவதற்கு ஆகும் பணத்தைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். அதை ஓட்டுவதற்கு ஆகும் பெட்ரோலைப் பற்றியும் யோசிக்கிறார்கள். ஆனால் அதன் நான்கு டயர்களையும் ஒரு நாள் ஒருசேர மாற்றவேண்டி வரும் என்பதைப் பற்றி மட்டும், அந்த நாள் வாசலில் வந்து நிற்கும்வரை, யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பெட்ரோல் செலவு அன்றாடம் சிறிது சிறிதாகக் கரைகிற செலவு. டயர்ச் செலவோ இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பள்ளிக் கட்டணமும் கல்யாணச் செலவும் கூடிவருகிற சமயம் பார்த்து, பன்னிரண்டாயிரம் பதின்மூவாயிரம் என்று மொத்தமாக வந்து விழுகிற செலவு. ஆகவே அதைத் தள்ளிப்போடும் ஆசை இயற்கை. இந்தச் செலவு எவ்வளவு, ஏன் அவ்வளவு, அதில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பவற்றை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது, மலைப்பாதையை நம்பி வாழ்கிறவர்களுக்குப் பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பாதையின் இயல்பைக் கவனிக்கவேண்டும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலமோ 2,200 மீட்டருக்கு மேல். குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்திற்குள், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இந்த உயரத்தை ஏறவும் இறங்கவும் வேண்டியிருக்கிறது. மசினகுடிப் பக்கத்திலிருந்து வரும் கல்லட்டிச் சாலையில் முப்பத்தாறு வளைவுகள்; அந்தச் சரிவின் கடுமையை முன்னிட்டு வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். ஆட்களையும் சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சிறு கார் உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, உயரத்தினால் அதற்குள் அடங்கியிருந்த சக்தியில் ஏறக்குறைய ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமமான அளவு எங்கேயாவது செலவழிந்தே ஆகவேண்டும். காற்றின் எதிர்ப்பும் யந்திரத்தின் எதிர்ப்பும் ஒரு பங்கை ஏற்கின்றன. பிரேக் ஒரு பங்கை உஷ்ணமாக்குகிறது. ஆனால் பிரேக் பிடித்தாலும், கியரைக் குறைத்து யந்திரத்தால் அடக்கினாலும், அந்த அடக்கும் விசை முழுவதும் தரையைப் பற்றிக்கொண்டிருக்கிற ரப்பரின் வழியாகத்தான் வண்டிக்குக் கிடைக்கிறது. சமவெளியில் நேர்ச்சாலையில் உருண்டு செல்லும் டயருக்கும் இந்தப் பாதையில் உழைக்கும் டயருக்கும் ஆயுள் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

இத்துடன் சிறு காரின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. 1983-ஆம் வருஷக் கடைசியில் வெளிவந்த மாருதி 800 முதற்கொண்டு இன்றைய ஆல்டோ, வேகன்-ஆர், டியாகோ வரையில், நம் மலையில் ஓடும் சிறு கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுகிறவை. இழுப்பதும் அவையே, திரும்புவதும் அவையே, இறக்கத்தில் முன்னால் சாய்கிற பாரத்தைத் தாங்கி பிரேக்கின் பெரும்பங்கை ஏற்பதும் அவையே. வளைவில் திரும்பும்போது டயர் தரையின்மேல் சற்றே பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்தப் பக்க விசை இரண்டு மடங்கானால் தேய்மானம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, அதைவிட மிகுதியாகிறது. ஆகவேதான் வேகத்தைச் சிறிது குறைத்து வளைகிறவரின் டயர் நெடுநாள் உழைக்கிறது.

மலைக்காரின் தேய்ந்த முன்டயர் ஒன்றைக் கழற்றித் தரையில் கிடத்திப் பார்த்தால் இவ்வளவும் பிரத்தியட்சமாகத் தெரியும். உட்பக்கத்து வரிப்பள்ளங்களில் விரல் நகம் இன்னும் இறங்கும். நடுவில் பாதி இறங்கும். வெளித்தோளிலோ பள்ளம் இருந்த அடையாளமே இல்லாமல் வழவழப்பாக இருக்கும். உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பப் பல்லைப்போல் கையை அராவும். இன்னும் சிறிது காலம் ஓடியிருந்தால் அந்தத் தோளில் ரப்பர் போய் நூலிழையும், பிறகு மெல்லிய இரும்புக் கம்பியும் வெளிப்பட்டிருக்கும். “அண்ணே, உள்பக்கம் புதுசு மாதிரி இருக்கு, வெளிப்பக்கம் கம்பி தெரியுது” என்பது நீலகிரியின் டயர்க் கடைகளில் அன்றாடம் கேட்கிற பேச்சு. வளைவுகளால் வரும் தேய்மானம் ஒரு பங்குதான். சக்கரங்களின் கோணம் பிசகியிருப்பதால், அதாவது வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டதால், வருவது மறு பங்கு. சமவெளிக்காரர்கள் சாதாரணமாக நாற்பது ஐம்பதாயிரம் கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்லுகிற டயருக்கு, மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் இருபத்தையாயிரம் முப்பதாயிரம் என்றே கணக்குச் சொல்லுகிறார்கள்.

இனி விலைக்கு வருவோம். பழைய ஆல்டோவின் டயர்ப் பக்கத்தில் 145/80 ஆர் 12 என்று பொறித்திருக்கும். 145 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு பக்கச் சுவரின் உயரம், ரேடியல் அமைப்பு, பன்னிரண்டு அங்குலச் சக்கரம். வேகன்-ஆர் போன்றவற்றில் 155/80 ஆர் 13. இந்த அளவுகளில் டயர் ஒன்று, கம்பெனியையும் ரகத்தையும் பொறுத்து, ஏறத்தாழ 2,500 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய் வரை விற்கிறது. சிறிய சக்கரம் விலை குறைவானதுதான். ஆனால் அது ஒரு கிலோமீட்டருக்கு 590 தடவைக்குமேல் சுழலவேண்டியிருக்க, பதின்மூன்று அங்குலச் சக்கரம் 550 தடவை சுழன்று அதே தூரத்தைக் கடந்துவிடுகிறது என்பதால், மலிவின் ஒரு பகுதி தேய்மானத்தில் கழிந்துபோகிறது. டயரின் விலையோடு, வால்வு, பேலன்சிங், அதற்கு ஒட்டும் ஈயக்கட்டி, அலைன்மென்ட் என்று நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் அளவில் கூடுதலாகிறது. நடுத்தரமான டயர் ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆக மொத்தம் 13,000 ரூபாய்.

இந்த விலையில் சர்க்காருக்குப் போவதும் கணிசமானது. 2025 செப்டம்பர் 22 வரையில் புது டயர்மீது நூற்றுக்கு 28 வீதம் சரக்கு-சேவை வரி இருந்தது. அன்றுமுதல் அது 18 ஆகக் குறைந்தது. அடக்கவிலை 2,500 ரூபாயாக உள்ள டயர் முன்பு 3,200 ரூபாய்க்கு விற்றிருக்குமானால் இப்போது 2,950 ரூபாய்க்கு விற்கவேண்டும். நான்குக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம். ஏழைக்கும் எளியவருக்கும் உயிர்காப்புச் சாதனமாக இருக்கிற ஒரு பொருளை ஆடம்பரப் பொருள்களின் வரிசையில் இத்தனை வருஷம் வைத்திருந்தது தவறு என்றே நான் கருதுகிறேன்; குறைத்தது நல்ல காரியம்.

வரிக்கு அப்பால் விலையை நிர்ணயிப்பவை ரப்பரும் எண்ணெயும். டயரில் இயற்கை ரப்பரோடு, கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கும் செயற்கை ரப்பரும் கரிப்பொடியும் சேர்கின்றன. 2024 ஆகஸ்டில் கோட்டயம் சந்தையில் இயற்கை ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தாண்டி, 2011-இல் ஏற்பட்ட பழைய உச்சத்தையும் மிஞ்சியது. ரப்பர் விலை ஏறும்போது டயர் விலை உடனே ஏறுகிறதென்றும், இறங்கும்போது அதே வேகத்தில் இறங்குவதில்லையென்றும் ஜனங்களிடையே நெடுநாள் மனக்குறை உண்டு. பெரிய டயர்க் கம்பெனிகள் ஐந்தும் அவற்றின் சங்கமும் லாரி, பஸ் டயர்களின் விலையில் கூட்டுச் சேர்ந்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் தீர்மானித்து 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்த செய்தி 2022 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதே வருஷம் டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. கார் டயரைப் பற்றி அந்த வழக்கு எதுவும் சொல்லவில்லை. ஆனால் சில கைகளிலேயே அடங்கியிருக்கும் ஒரு தொழிலில் விலை எப்படி உருவாகிறதென்பதைக் கண்காணிக்கும் அவசியத்தை அது எடுத்துக்காட்டுகிறது. 2020 ஜூனில் அந்நிய டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் இந்த அவசியம் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

மலைக்காரர்கள் பலர் டயர் வாங்கக் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். அங்கே கடைகள் அதிகம், போட்டி அதிகம். டயருக்கு இருநூறு முன்னூறு ரூபாய் குறையும், விரும்பிய ரகமும் கிடைக்கும். ஆனால் உதகையிலிருந்து போய்வர ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மலையேற்றத்தில் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிடைக்கும் காருக்கு, பெட்ரோல் நூறு ரூபாய் என்று கொண்டால், பிரயாணச் செலவே 1,200 ரூபாய் ஆகிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கோ ஜவுளி எடுக்கவோ போகிற சந்தர்ப்பத்தில் டயரும் வாங்கிவருவது புத்திசாலித்தனம். டயருக்காகவே போவது லாபமில்லை. அதோடு, வாங்கின இடம் பக்கத்தில் இருந்தால், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதென்று போய் நிற்கலாம். அந்தச் சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டு.

இந்த விஷயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது கணக்கிடும் முறையைத்தான். 13,000 ரூபாயை மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பசுந்தேயிலை கிலோ இருபது ரூபாய்க்குப் போகிற காலத்தில் அது 650 கிலோ இலை; தன் கையாலும் மனைவியின் கையாலும் பறித்து எடைபோட்டுக் கொடுக்கிற சிறு விவசாயிக்கு அது எவ்வளவு உழைப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதே தொகையை முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 43 காசு. நாற்பத்தையாயிரத்துக்குப் பங்கிட்டால் 29 காசு. பெட்ரோலுக்கோ கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆக, டயர்ச் செலவு பெட்ரோல் செலவில் நூற்றுக்கு ஆறு பங்கு. ஒவ்வொரு முறையும் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போடும்போது அறுபது ரூபாயைத் தனியாக எடுத்துவைக்கிற குடும்பத்துக்கு டயர் மாற்றும் நாள் ஒரு விபத்தைப்போல் வந்து தாக்காது. தேய்ந்த டயரோடு இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்று இழுத்தடிக்கிறவர் அதனால் மிச்சம்பிடிப்பது 1,300 ரூபாய் என்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. நவம்பர் மழையில், பர்லியாருக்கும் காட்டேரிக்கும் நடுவே, ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளத்தாக்குமாக இருக்கிற வளைவில், அந்த 1,300 ரூபாய்க்காக நான்கு உயிர்களைப் பணயம் வைப்பதை எந்தச் சிக்கனத்தோடும் சேர்க்கமுடியாது.

செலவைக் குறைக்க ஜனங்கள் கையாளும் வழிகள் பல. லாரிக்கும் பஸ்ஸுக்கும் செய்வதுபோல், தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது கெட்ட தொழிலன்று. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி 1952-இல் கையில் எடுத்தது ரீட்ரெட்டுக்கான ரப்பரைத்தான், டயர் தயாரிப்புக்கு அது வந்தது பிறகே. ஆனால் லாரி டயரின் உடல் பலமுறை தாங்கும்படி கட்டப்பட்டது. சிறு காரின் ரேடியல் டயரோ மெல்லிய பக்கச் சுவரும் லேசான உடலும் உடையது. தோள் தேய்ந்து கம்பிவரை வந்த ஒன்றை மறுபடி உடுத்துவதில் வருகிற மிச்சம், புது டயரின் விலையோடு ஒப்பிட்டால், அபாயத்துக்கு ஈடாகாது. செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குவதும் அப்படியே. வெளிப்பார்வைக்குப் பள்ளம் நன்றாக இருக்கும். உள்ளே எந்தக் கல்லில் அடிபட்டது, காற்றில்லாமல் எத்தனை தூரம் உருண்டது என்பது தெரியாது. இதற்கு நேர்மாறாக, அழகுக்காக அகலமான டயரும் பெரிய அலாய் சக்கரமும் மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள், அடுத்தமுறை டயருக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுக்கவேண்டும் என்பதையும், தாழ்ந்த பக்கச் சுவர் எஸ்டேட் சாலையின் கல்லுக்கும் வடிகால் விளிம்புக்கும் சுலபமாக இரையாகும் என்பதையும் எண்ணிப்பார்ப்பதில்லை.

உண்மையாகவே பலன் தரும் வழிகள் எளியவை. ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப் போடுவது முதல் வழி. நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தேய்ந்து முடியும். ஐந்நூறு ரூபாய் அலைன்மென்ட் செலவை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏற்பது இரண்டாவது.

கையில் பணம் குறைவாக இருந்து இரண்டு டயர்தான் வாங்கமுடியும் என்றால், புதியவற்றை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பது நீலகிரியின் ஓட்டுநர்களிடையே ஓயாத விவாதம். இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரம், ஆகவே முன்னால்தான் என்பது பெரும்பான்மையோர் கட்சி. டயர் செய்கிறவர்கள் ஒருமுகமாகச் சொல்வது பின்னால் என்பது. இரண்டாவதே சரி. முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் அது உடனே தெரியும், காலை எடுத்தால் அநேகமாக அடங்கும். பின்டயர் வழுக்கினாலோ வண்டியின் பின்பாகமே சுற்றிக்கொண்டு வரும். சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிக்க இயலாது. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் இலேசாகிவிடுகிற நம் பாதையில், மழை ஈரத்தில், பின்னால் மொட்டை டயர் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதிப்பதைவிட அபாயமானது வேறொன்றில்லை.

காற்றைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. மலையேறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் உப்பிவிடும், ஆகவே மேட்டுப்பாளையத்திலேயே காற்றைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பார்கள். பாதி உண்மை. மேட்டுப்பாளையத்தில் ஏறத்தாழ 14.2 பவுண்டாக இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் உதகையில் 11.2 பவுண்டாகக் குறைகிறது. அதனால் மட்டும் டயரில் அளக்கும் அழுத்தம் மூன்று பவுண்டு கூடவேண்டும். ஆனால் கீழே 33 டிகிரி வெயிலில் இருந்த டயர் மேலே 15 டிகிரிக் குளிருக்கு வந்து நிற்கும்போது, உள்ளிருக்கும் வாயு குளிர்ந்து ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடுகிறது. கீழே முப்பது பவுண்டு பிடித்த டயரை இரவு முழுதும் ஆறவிட்டு உதகையில் அளந்தால் முப்பதுக்கு அருகிலேயே காட்டும். ஆகையால் காற்றைக் குறைக்கவேண்டியதில்லை. குறைத்தால், வளைவில் பக்கச் சுவர் மடங்கி, முன்பு சொன்ன வெளித்தோள் இன்னும் விரைவாகத் தேயும். ஓடி வந்த சூட்டில் அளந்து அதிகம் என்று இறக்கிவிடுகிற பழக்கமும் இதே கெடுதலைத்தான் செய்கிறது.

இதுவரை சொன்னது ஓடித் தேய்கிற டயரைப் பற்றி. ஓடாமல் முதுமையடையும் டயரும் இம்மலையில் ஏராளம். வாரம் ஒருமுறை சந்தைக்கும் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் போகிற பென்ஷன்காரரின் காரில், ஏழு வருஷம் கழித்தும் வரிப்பள்ளம் நிறைவாக இருக்கும். ஆனால் உயரத்தில் உறைக்கும் புறஊதாக் கதிரிலும் பனியிலும் திறந்தவெளியில் நின்ற ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்தச் சுவரிலேயே நான்கு இலக்கத்தில் தயாரிப்புத் தேதி இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வாரம், பின்னிரண்டு வருஷம். 3119 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் முப்பத்தோராவது வாரம். டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்கவேண்டும். கடையில் இரண்டு வருஷம் கிடந்த சரக்கைப் புது விலைக்கு வாங்குவதற்குக் காரணம் எதுவுமில்லை. வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்கிறது சட்டம். பள்ளங்களுக்கிடையே குறுக்காக உள்ள சிறு மேடு மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டதென்று பொருள். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. தண்ணீரை விலக்கித் தரையைத் தொட வழிசெய்யும் அந்தப் பள்ளம் சட்டத்தின் எல்லைக்கு வரும்வரை காத்திராமல், மழைக்காலம் தொடங்குமுன், இரண்டரை மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றிவிடுவது நலம்.

சாலையின் குற்றத்தால் டயர் வெடித்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். வண்டிக்கும் சேதம் நேர்ந்தாலொழிய டயருக்கு மட்டும் சாதாரணப் பாலிசியில் பணம் கிடைப்பதில்லை. நேர்ந்தாலும் பாதி விலைதான். தோட்டங்களுக்கும் படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் போகும் கிளைச் சாலைகளில் தார் விளிம்பு உடைந்து கத்திபோல் நிற்கிறது. எதிரே பஸ் வந்தால் ஒதுங்குகிற சிறு கார் அந்த விளிம்பில்தான் இறங்கி ஏறவேண்டும். இவ்விளிம்புகளை வருஷத்துக்கொருமுறை செப்பனிட்டாலே இங்குள்ள குடும்பங்களின் டயர்ச் செலவு கண்கூடாகக் குறையும்; அதற்காகும் தொகையை ஜனங்கள் இப்போது கடையில் வேறு பெயரில் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய டயர். கடைக்காரர் அதற்குச் சிறு தொகை கழித்துக்கொண்டு பில் போடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்தாலோ மழைநீர் தேங்கிக் கொசு வளரும், எரித்தால் ஊரெல்லாம் நச்சுப்புகை. 2022 ஜூலையில் வந்த விதிகளின்படி, கழிவு டயரை மறுசுழற்சிக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உண்டு. ஆகவே கடையில் விடுவதே முறை. விடுமுன், தோளில் கம்பி தெரியும் டயரின் பக்கச் சுவரைக் கண்ணெதிரே கத்தியால் கீறிவிடச் சொல்லவேண்டும். கீறாத டயர் நாலு நாளில் மெருகு பூசப்பட்டுச் செகண்ட் ஹேண்ட் என்ற பெயரில் இன்னொருவர் காரில் ஏறிக் கல்லட்டியில் இறங்கக்கூடும்.